டெல்டாவில் பழைய டீசல் கார் ஓட்டுபவர்களுக்கு

கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் பதினைந்து, இருபது வயதான டீசல் கார்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நவக்கிரகக் கோயில்களுக்கு ஆள் ஏற்றிய இண்டிகா, விதைநெல்லும் உர மூட்டையும் சுமக்கும் பொலேரோ, ஒரு காலத்தில் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போன சுமோ, குவாலிஸ். டெல்லிப் பகுதியில் பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. சொந்த உபயோக வண்டியென்றால் பதினைந்து ஆண்டு முடிந்ததும் சோதனைக்குக் காட்டி, பதிவை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதனால் இந்த வண்டிகளை நன்றாக வைத்துக்கொள்வது எப்படி என்பது இங்கே பல குடும்பங்களின் அன்றாடக் கவலை.

எந்த பங்க்கில் போட்டால் வண்டி நன்றாக ஓடும்? சாதா டீசலா, லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலான உயர்ரக டீசலா? திருநள்ளாறு போகும்போது காரைக்காலில் நிரப்பிக்கொண்டால் கெடுதல் உண்டா? நியாயமான கேள்விகள்தாம். ஆனால் இந்த மண்ணில் ஒரு பழைய டீசல் என்ஜினின் ஆயுளைத் தீர்மானிப்பவை டீசலில் சேரும் தண்ணீர், காற்றோடு உள்ளே போகும் அறுவடைத் தூசி, ஓட்டுபவரின் வலது கால். கையில் இருக்கும் காசையும் கவனத்தையும் முதலில் இவற்றுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

டீசல் என்ஜினில் பெட்ரோல் வண்டிபோல் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை இருபதில் ஒரு பங்கு அளவுக்கு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் காற்று ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அதில் டீசலை மெல்லிய தூவலாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது நீங்கள் கூட்டுவது காற்றை அல்ல, டீசலைத்தான். உள்ளே இருக்கும் காற்றுக்கு மிஞ்சி டீசல் போனால் அது முழுதாக எரியாமல் கரும்புகையாக வெளியே வரும். டீசலைப் பீய்ச்சும் நாசில் தூவலாக்காமல் சொட்டவிட்டாலும் அதே கதி. பழைய டீசல் வண்டியில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதியை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

பழைய வண்டி என்று பொதுவாகச் சொன்னாலும் இதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. அம்பாசிடர் டீசல், 1998-ல் அறிமுகமான இண்டிகா, 1994-ல் வந்த சுமோ, 2000-ல் வந்த குவாலிஸ் ஆகியவற்றின் தொடக்ககால வண்டிகளில் இருப்பது முழுக்க இயந்திர முறையில் இயங்கும் டீசல் பம்ப். நாசில் திறக்கும் அழுத்தம் நூறு, நூற்றைம்பது பார் அளவில்தான் இருக்கும். இவை கொஞ்சம் மட்டமான டீசலையும் தாங்கும். ஊர் மெக்கானிக் கழற்றிப் பூட்டலாம். 2005-ல் வந்த இன்னோவா, 2007-ல் வந்த ஸ்விஃப்ட் டீசல் ஆகியவை காமன் ரயில் குடும்பம். இவற்றில் டீசலின் அழுத்தம் ஆயிரத்து முந்நூறு பாருக்கு மேல் போகும். கார் டயரில் இருப்பது இரண்டு பார்தான். இன்ஜெக்டரின் துளை ஒரு மில்லிமீட்டரில் ஏழெட்டில் ஒரு பங்குதான். இந்த வண்டிகளுக்கும் இப்போது வயதாகிவிட்டது. ஆனால் அவற்றின் பொறுமை குறைவு. அம்பாசிடர் சமாளித்துக்கொண்ட அழுக்கு டீசல் இங்கே நான்கு இன்ஜெக்டர்களையும் கெடுத்துவிடும்.

இனி பங்க்குக்கு வருவோம்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா பங்க்குகளிலும் கிடைப்பது பி.எஸ்.-6 டீசல். அதில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. 2005-ல் நாடு முழுதும் வந்த பி.எஸ்.-2 டீசலில் இது 500 வரை அனுமதிக்கப்பட்டிருந்தது. பழைய இண்டிகா ஒன்று தன் வாழ்நாளில் ஐந்நூறு, முந்நூற்றைம்பது, ஐம்பது, பத்து என எல்லாப் படிகளையும் குடித்துத்தான் இங்கே வந்து நிற்கிறது. கந்தகம் எரிந்தால் அமிலமாகி என்ஜின் ஆயிலைக் கெடுக்கும். ஆகவே அது குறைந்தது பழைய என்ஜினுக்கு நல்லதே. ஒரே ஒரு சிக்கல் இருந்தது. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு, டீசலுக்கு இயல்பாக இருக்கும் வழுவழுப்பையும் சேர்த்து நீக்கிவிடுகிறது. டீசல் பம்ப்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, டீசலேதான் அதற்கு ஆயில். சுவீடன் 1990-களின் தொடக்கத்தில் கந்தகம் மிகக் குறைந்த டீசலைக் கொண்டுவந்தபோது பம்ப்புகள் தேய்ந்துபோன அனுபவம் உண்டு. அதன்பின்தான் வழுவழுப்புக்கென்று தனிச் சேர்மானம் கலப்பதும் அதற்கு ஓர் அளவுகோல் வைப்பதும் உலகெங்கும் வழக்கமாயின. இந்தியத் தரமான ஐ.எஸ். 1460-லும் அந்த அளவுகோல் இருக்கிறது. ஆக, பி.எஸ்.-6 டீசல் பழைய பம்ப்பைத் தின்றுவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இருபது ஆண்டு பழைய பம்ப்பின் ரப்பர் சீல்கள் டீசலின் சேர்க்கை மாறும்போது சுருங்கிக் கசியக்கூடும். பம்ப்பைச் சுற்றி ஈரம் தெரிந்தால் சீல் மாற்றிவிடுங்கள். அது பெரிய செலவில்லை.

காரைக்கால் டீசலுக்கு வருவோம். புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் டீசலுக்கு வாட் வரி குறைவு. விலை குறைவுக்குக் காரணம் அதுதான். சரக்கு அதே பி.எஸ்.-6 தரம். திருநள்ளாறு தரிசனம் முடித்து வண்டி டேங்க்கை நிரப்பிக்கொண்டு வருவதில் என்ஜினுக்கு எந்தக் குறையும் இல்லை. கேனிலும் பேரலிலும் எல்லை தாண்டி வந்து, ஊரில் யாரோ ஒருவர் அளந்து ஊற்றும் டீசல் வேறு சங்கதி. அது சட்ட விரோதம் என்பதோடு, அந்தப் பேரலில் முன்பு என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. அதேபோல, கச்சா எண்ணெய் நரிமணத்தில் எடுத்ததா, அரபு நாட்டிலிருந்து வந்ததா என்பதும் உங்கள் காருக்குப் பொருட்டல்ல. ஆலையை விட்டு வெளியே வரும் டீசல் ஒரே தரத்துக்குள் அடங்கியாக வேண்டும்.

உயர்ரக டீசலில் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் நாசிலைச் சுத்தமாக வைக்கும் சேர்மானம். சிலவற்றில் சீட்டேன் எண்ணும் சற்று உயர்த்தப்பட்டிருக்கும். சீட்டேன் என்பது டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்கிறது என்பதன் அளவு. சாதா டீசலுக்கே இது குறைந்தது 51 இருக்க வேண்டும். பழைய அம்பாசிடருக்கும் சுமோவுக்கும் அதுவே தாராளம். காமன் ரயில் வண்டி வைத்திருப்பவர்கள் எப்போதாவது இரண்டு, மூன்று டேங்க் போட்டுப் பார்க்கலாம், தவறில்லை. பலன் இருக்கிறதா என்று அறிய ஒரே வழி, டேங்க் நிரம்பப் போட்டு, முந்நூறு, நானூறு கிலோமீட்டர் வழக்கமாக ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்ப்பது. மனதுக்கு வண்டி லகுவாகத் தெரிவதை நம்பி மாதாமாதம் காசு கொடுக்க வேண்டாம். அந்தக் காசுக்கு டீசல் ஃபில்டரை ஒரு தடவை முன்கூட்டியே மாற்றினால் என்ஜினுக்கு அதிக நன்மை.

பங்க்கில் உங்களுக்குச் சில உரிமைகள் உண்டு. அடர்த்தி அன்றாடம் எழுதி வைக்கப்பட்டிருக்கும். கேட்டால் ஹைட்ரோமீட்டர் வைத்து அளந்து காட்ட வேண்டும். பதிவிலிருந்து கன மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் வேறுபடக் கூடாது. ஐந்து லிட்டர் முத்திரை அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லவும் செய்யலாம். மண்ணெண்ணெய் கலந்த டீசல் அடர்த்தியில் இளைத்துக் காட்டும். அதில் வழுவழுப்பும் குறைவு, சீட்டேனும் குறைவு. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போடுவதே இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கத்தான். தெரியாமல் பெட்ரோல் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, டேங்க்கை முழுதாக இறக்கிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். காமன் ரயில் வண்டியில் சில நிமிட ஓட்டமே பம்ப்பை அரித்துவிடும்.

எண்ணெய் ஊற்றி ஓட்டலாமா என்ற ஆசையும் சிலருக்கு உண்டு. ஆசைக்கு வரலாற்று ஆதாரமும் இருக்கிறது: 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. கடலை விளையும் பட்டுக்கோட்டைப் பக்கமும் தவிட்டு எண்ணெய் பிழியும் அரிசி ஆலைகளின் பக்கமும் இருப்பவர்களுக்கு இந்தச் செய்தி இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் டீசலைவிடத் தாவர எண்ணெய் சுமார் பத்து மடங்கு கெட்டி. நாசிலில் தூவலாகாமல் கொழகொழவென்று விழுந்து, பாதி எரிந்து, ரிங்கில் பசையாக ஒட்டும். மெத்தனாலோடு வேதிவினை செய்து பயோடீசலாக மாற்றிய பிறகுதான் அது வண்டிக்கு ஏற்றது. அப்போதும் பழைய டேங்க்கில் படிந்த அழுக்கை அது கரைத்துக்கொண்டு வரும் என்பதால் முதல் சில நூறு கிலோமீட்டரில் ஃபில்டர் அடைக்கும். பழைய ரப்பர் குழாய்கள் ஊறித் தளரும். குவாலிஸுக்கு நீங்களே அடுக்களையில் செய்து ஊற்றிப் பார்ப்பது வேண்டாம்.

டெல்டாவின் தனிப்பட்ட தொல்லை தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் வயலும் வாய்க்காலும் ரோடும் ஒன்றாகிக் கிடக்கும்போது, பங்க்கின் நிலத்தடித் தொட்டிகளும் அதே ஈர மண்ணில்தான் புதைந்திருக்கின்றன. மூடி சரியில்லாத தொட்டிக்குள் மழைநீர் இறங்கினால் அது டீசலுக்கு அடியில் போய்த் தங்கும். டேங்கர் லாரி வந்து புதிதாக இறக்கும்போது அடியில் இருப்பது கலங்கி மேலே வரும். அதனால் லாரி நிற்கும் நேரத்தில் நிரப்பாமல் வேறு பங்க்குக்குப் போவது நல்ல வழக்கம். வெள்ளம் நின்று வடிந்த பங்க்கில் முதல் சில நாள் நிரப்பாமலிருப்பதும் அப்படியே.

இதைவிடப் பெரிய ஆபத்து வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. டிராக்டருக்கும் டீசல் மோட்டாருக்கும் என்று பேரலில் வாங்கி வைப்பது விவசாயக் குடும்பங்களின் பழக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபின் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் ஜெனரேட்டரை நம்பி இருந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் இறுகிவிட்டது. பாதி காலியான பேரல் பகலில் சூடேறி, இரவில் குளிரும்போது வெளிக்காற்றின் ஈரத்தை உள்ளே இழுத்துத் துளித்துளியாக அடியில் சேர்க்கிறது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் மட்டத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கருப்புச் சளிபோல் படியும். டிராக்டர் என்ஜின் அதைச் சமாளித்துவிடலாம். அதே பேரலிலிருந்து ஸ்விஃப்ட்டுக்கு ஐந்து லிட்டர் ஊற்றினால் இன்ஜெக்டருக்குள் தண்ணீர் ஆவியாகி முனையைப் பெயர்த்துவிடும். பேரல் டீசலைக் காரில் ஊற்றவே வேண்டாம். வேறு வழியில்லை என்றால் ஒரு நாள் அசையாமல் தெளியவிட்டு, மேலாக மட்டும் எடுத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அதுவும் இயந்திர பம்ப் வண்டிக்கு மட்டும்.

பெரும்பாலான டீசல் ஃபில்டர்களின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு ஒன்று உண்டு. மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்பது கண்ணுக்கே தெரியும். டேங்க்கைக் கால்வாசிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். காலி டேங்க்கில் ஈரமும் சேரும், அடிக்கசடும் இழுபடும். முழுதாகத் தீர்ந்துவிட்டால் பைப்பில் காற்று புகுந்து, ஏர் எடுத்தால்தான் வண்டி கிளம்பும்.

தை பிறந்தால் தண்ணீர்க் கவலை போய்த் தூசிக் கவலை வரும். சம்பா அறுவடையில் மிஷின் வயலில் நிற்கும், வைக்கோல் கட்டும் மிஷின் அதன் பின்னால் நிற்கும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் தூற்றல் நடக்கும், ரோட்டோரம் நெல் காயும். அந்தக் காற்றில் மிதக்கும் சுணை உடம்பில் பட்டால் எப்படி அரிக்கும் என்று டெல்டாக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு லிட்டர் டீசல் எரியக் குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். நெல் உமியிலும் சுணையிலும் மணலில் இருக்கும் அதே சிலிக்கா உண்டு. ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தாலோ சரியாக உட்காராவிட்டாலோ அது நேரே சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். ஃபில்டர் அடைத்திருந்தால் காற்று குறைந்து கரும்புகை வரும், மைலேஜ் இறங்கும். டீசல் சரியில்லை என்று பங்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். தை, மாசியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரைத் திறந்து பாருங்கள். காகித ஃபில்டரை உள்ளிருந்து வெளியே மெதுவாக ஊதலாம். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். ஊதியே காலம் தள்ளாமல் அறுவடை முடிந்ததும் புதிது போடுங்கள். ரேடியேட்டர் முகப்பில் அடைந்திருக்கும் பதரையும் பூச்சியையும் தண்ணீர் பீய்ச்சி எடுத்துவிடுங்கள். ரோட்டில் பரப்பிய வைக்கோலின் மேல் ஓட்ட நேர்ந்தால், தாண்டியபின் இறங்கி அடியில் குனிந்து பாருங்கள். சைலன்சரிலும் சுழலும் தண்டிலும் சுற்றிய வைக்கோல் சூட்டில் தீப்பிடித்து வண்டியே எரிந்துபோனதுண்டு.

ஓட்டும் விதத்துக்கு வருவோம். டெல்டா சமவெளி, மலையேற்றம் இல்லை. பழைய டீசலுக்கு இது வரம்தான். ஆனால் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் பழைய சாலையில் அய்யம்பேட்டை, பாபநாசம் என்று கடைத்தெருவும் பஸ் நிறுத்தமும் வரிசையாக வரும். இங்கே டீசலைக் குடிப்பது வேகம் அல்ல, பிரேக். முன்னால் பஸ் நிற்கப்போவது தெரிந்தும் மிதித்துக்கொண்டே போய்ப் பிரேக் அடித்தால், அதுவரை எரித்த டீசல் பிரேக் சூடாகப் போய்விட்டது. தூரத்திலேயே காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வண்டியை இழையவிடுங்கள். கியரில் இழையும்போது பம்ப் ஏறக்குறைய டீசலே அனுப்புவதில்லை. நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் ஓட டீசல் வேண்டும்.

என்ஜினை அணைத்துவிட்டு உருட்டிப்போவது இன்னும் மோசம். டீசல் வண்டியில் பிரேக்குக்கு வேண்டிய வேக்குவத்தை ஒரு தனி பம்ப் தருகிறது, பெரும்பாலும் டைனமோவின் பின்பக்கம் இருக்கும். என்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். இரண்டு, மூன்று முறை மிதித்தபின் பிரேக் கல்லாகிவிடும். வாய்க்கால் பாலத்திலிருந்து இறங்கும்போது இப்படிச் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

கியரிலும் ஒரு தவறான சிக்கனம் உண்டு. டாப் கியரில் மைலேஜ் வரும் என்று முப்பதில் போகும்போதும் டாப்பிலேயே முக்கவைப்பார்கள். ஆயிரத்து இருநூறு சுற்றுக்குக் கீழே என்ஜின் உறுமி உதறினால், பேரிங்குக்கு அடி, புகைக்கு வழி. ஆயிரத்தைந்நூறிலிருந்து இரண்டாயிரத்தைந்நூறு சுற்றுக்குள் என்ஜின் சத்தம் சீராக இருக்கும், அங்கேயே வைத்திருங்கள். மீட்டர் இல்லாத வண்டியில் காதுதான் மீட்டர்.

விக்கிரவாண்டி நான்குவழிச் சாலையிலோ திருச்சி சாலையிலோ ஏறினால் கதை மாறும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். அறுபதிலிருந்து தொண்ணூறுக்குப் போனால் தடை இரண்டே கால் மடங்கு. பெட்டி வடிவ சுமோவும் பொலேரோவும், மேலே கேரியர் வேறு இருந்தால், இதை அதிகமாக உணரும். பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சி சங்கம் சொல்லும் 45–55 கிலோமீட்டர் வேகம் நான்குவழிச் சாலையில் நடைமுறைக்கு ஒத்துவராமல் போகலாம். அறுபத்தைந்து, எழுபதில் நின்றாலே பணம் மிச்சம். டர்போ உள்ள வண்டியை நீண்ட ஓட்டத்துக்குப் பின் டீக்கடையில் நிறுத்தினால், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்ற தண்டு ஆயில் வரத்து நின்றபின் சூட்டில் தவிக்கக் கூடாது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருக்கும் வரிசை டெல்டா முழுவதும் தெரிந்தது. அங்கே ஓடவிட்டு நிற்கும் ஒரு டீசல் கார் மணிக்குச் சுமார் அரை லிட்டர் குடிக்கும். பேட்டரி நன்றாக இருந்தால் அணைத்துவிடுங்கள். நீண்ட ஐடிலில் சிலிண்டர் ஆறி, பாதி எரிந்த டீசல் கரியாகப் படியவும் செய்யும்.

வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து வீடு என்று மட்டும் ஓடும் வண்டிக்கு இதே நோய் உண்டு. என்ஜின் தன் வேலைச்சூட்டை, அதாவது எண்பது தொண்ணூறு டிகிரியை, எட்டுவதேயில்லை. வாரம் ஒரு முறை அரைமணி நேரமாவது வெளிரோட்டில் ஓட்டுங்கள். நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வால்வு எதற்கு என்று சில பட்டறைகளில் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இது பெரிய கேடு. வால்வு இல்லாத என்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடி, அதிகம் குடித்து, சீக்கிரம் தேயும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வேதாரண்யம், நாகைப் பக்கத்து உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டு, கூலண்ட் கலந்த நல்ல தண்ணீருக்கு மாறுங்கள்.

இவை அனைத்துக்கும் அளவுகோல் சைலன்சரில் இருக்கிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ல் உறுதியாக வகைப்படுத்தியது. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் சுவாசிப்பது நம் வண்டிப் புகையைத்தான். புகைச் சோதனையில், பி.எஸ்.-4-க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தி வரம்பு மீட்டருக்கு 2.45, பி.எஸ்.-4 வண்டிக்கு 1.62. சோதனைக்கு முன் பம்ப் திருகைக் குறைத்து, சான்றிதழ் வாங்கியபின் கூட்டிக்கொள்வதால் யாருக்கும் லாபமில்லை, கூட்டிய டீசல் எரியாமலே போகிறது.

கரும்புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டர், அடுத்து நாசில். நாசிலைக் கழற்றி பிரஷரும் தூவலும் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால்தான் பம்ப்பை பெஞ்சில் ஏற்ற வேண்டும். சூடான பின்னும் வெள்ளைப்புகை நிற்காவிட்டால் டைமிங்கையும் ஹெட் கேஸ்கட்டையும் சந்தேகியுங்கள்; ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்று பார்த்தால் எது என்று தெரியும். நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. அப்போது எந்த டீசலும் சேர்மானமும் உதவாது. கம்ப்ரஷன் அளந்து பார்த்து, ரிங் மாற்றும் செலவையும் வண்டியின் விலையையும் பக்கத்தில் வைத்து, அதை வைத்துக்கொள்வதா விடுவதா என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள்.